நன்செய் வயலில் எத்தனாலுக்கு மரச்சீனி (மரவள்ளி) நடலாமா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்

பதிவு 1 | தோவாளை வயற்காரன்

அனைவருக்கும் வணக்கம். குமரி மாவட்டத் தோவாளைக் கால்வாய்ப் பாசனத்தில், கடைமடைக்குச் சற்று மேலே, எனக்கு ஒரு ஏக்கர் நன்செய்யும் அதை ஒட்டி மேட்டுப் பக்கம் முப்பது சென்ட்டும் இருக்கிறது. அப்பா காலத்தில் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெற்போகமும் தவறியதே இல்லை. என் காலத்தில், கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் இரண்டு கன்னிப்பூ தண்ணீர் எட்டாமல் கருகிப் போயின. விளைந்த ஆண்டிலும் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது என்று சொல்லி நெல்லைத் திருப்பினார்கள். நான்கு நாள் சாலையோரம் தார்ப்பாய் விரித்துக் காயவைத்து, இரவில் அதன் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தேன்.

சென்ற வாரம், அறுவடை முடிந்து வைக்கோல் கட்டுகள் இன்னும் களத்தில் கிடந்தபோது, வெளி மாவட்டத்திலிருந்து ஒருவர் வந்தார். நெல்லை விட்டுவிட்டு மரச்சீனி நட்டால் கிழங்கு முழுவதையும், பெட்ரோலில் கலக்கும் எத்தனால் தயாரிக்கும் ஆலைக்கு எடுத்துக்கொள்வதாகவும், நடவுக் குச்சியையும் முன்பணத்தையும் தாங்களே தருவதாகவும், பத்து மாதத்தில் வரும் தொகை இருபோக நெல்லின் இலாபத்தை மிஞ்சும் என்றும் சொன்னார். ஒப்பந்தத் தாளையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதன் இரண்டாம் பக்கத்தில், கிழங்கின் மாவுச்சத்து அவர்கள் குறித்த அளவுக்குக் குறைந்தால் விலையும் அதற்கேற்பக் குறையும் என்று சிறிய எழுத்தில் இருக்கிறது.

பணம் எனக்குத் தேவைதான். அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் தாளைப் படித்துக் காட்டியபோது என் மனைவி, “அப்படியானால் நம் வீட்டுக்கு அரிசி எங்கிருந்து வரும்?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதற்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை. விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதிவு 2 | கணக்கு நோட்டு

அண்ணாச்சி, நான் எரிபொருள் துறையில் வேலை பார்க்கும் பொறியாளன், ஊர் நாகர்கோவில். இதில் குற்ற உணர்ச்சிக்கு இடமில்லை என்பதே என் கருத்து. நம் நாடு தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்துதான் வாங்குகிறது. அந்தப் பணத்தில் ஒரு பங்காவது நம் உழவர் கைக்குப் போகட்டும் என்ற எண்ணத்தில்தான் 2018-இல் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை வந்தது. எத்தனாலுக்கு ஏற்ற மூலப்பொருள்களின் பட்டியலில் மக்காச்சோளத்தோடு மரச்சீனியும் அதிலேயே இருக்கிறது. பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் என்ற இலக்கை முதலில் 2030-க்கு வைத்திருந்தார்கள். 2022-இல் கொள்கையைத் திருத்தி 2025-26-க்கு முன்னிழுத்தார்கள். 10 விழுக்காட்டை 2022 ஜூனிலேயே, குறித்த நாளுக்கு ஐந்து மாதம் முன்பாகவே எட்டிவிட்டோம். இன்று பங்கில் நீங்கள் போடும் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால்தான்.

சர்க்கரை ஆலைகள் ஆண்டுக்கணக்கில் நிலுவை வைத்திருந்த கரும்புப் பணம் வேகமாகப் பட்டுவாடா ஆனதற்கு எத்தனால் வருமானமும் ஒரு காரணம். விளைவித்தவருக்கு நல்ல விலை கிடைக்க வேண்டும். அதை யார் வாங்கி என்ன செய்கிறார்கள் என்ற பாரத்தை உழவன் தலையில் மட்டும் ஏற்றுவது நியாயமன்று. மாவுச்சத்தை எங்கே, யார் முன்னிலையில் சோதிப்பார்கள் என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மற்றபடி தயங்க வேண்டாம்.

பதிவு 3 | பறக்கைப் பெரியவர்

தம்பிமார் இருவருக்கும் வணக்கம். வேளாண்மைத் துறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மரச்சீனி நம் மண்ணுக்கு எப்படி வந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, மழை பொய்த்தாலும் ஏழை வீட்டு அடுப்பு அணையக்கூடாது என்பதற்காக இந்தக் கிழங்கை ஊர் ஊராகப் பரப்பினார். அதன் அருமை அறுபது ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும், கப்பலில் வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்றிருந்தும், சமஸ்தானம் முழுவதற்கும் சோறு போட அதனால் இயலவில்லை. என் தாயார் அந்த நாள்களைப் பற்றிச் சொல்லும்போது, அரிசி என்ற சொல்லைவிடக் கிழங்கு என்ற சொல்தான் அதிகமாக வரும். கிழங்கைத் துண்டு துண்டாக வெட்டிக் கூரைமேல் பாயில் காயப்போட்டு, பானையில் கட்டி வைத்து, மழைக்காலத்தில் ஊறவைத்து வேகவைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். சாளைக் கறி இருந்தால் அது விருந்து. அந்தக் கிழங்கு மட்டும் இல்லையென்றால் கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் எத்தனை குடும்பங்கள் தப்பியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

அவ்வாறு மேட்டு நிலத்துக்கு வந்த பயிர் அது. வயலுக்கு வந்ததன்று. வயலில் நட வேண்டுமானால் மண்ணை வெட்டிக் குவித்து மேடாக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் கிழங்கு அழுகிவிடும். நன்செய்க்கு அடியில் பல தலைமுறை உழவாலும் மிதியாலும் இறுகிய ஓர் அடுக்கு இருக்கிறது. தண்ணீரைப் பிடித்து நிறுத்துவது அந்த அடுக்குதான். கிழங்கு பறிக்க மண்வெட்டி இறங்கியதும் அது உடையும். பிறகு நெல்லுக்குத் திரும்ப நினைத்தாலும், முதல் சில போகங்களுக்குக் கட்டிய தண்ணீர் நிற்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கால்வாயிலிருந்து நம் வயல்களுக்குத் தண்ணீர் தனித்தனிக் குழாயில் வருவதில்லை. மேல்வயல் நிறைந்து, வரப்பின் வாமடை வழியாகக் கீழ்வயலுக்கு இறங்குகிறது. நடுவில் ஒருவர் மேடாக்கினால் கீழே இருக்கும் மூவருக்குத் தண்ணீர் தடைபடும். அவர்களும் வேறு வழியில்லாமல் வாழையோ தென்னையோ வைப்பார்கள். அதற்கு அடுத்தது மனைக்கல். சுசீந்திரம் பக்கத்தில் இதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். வயலை வீட்டுமனைக்குக் கொடுத்தவர்களில் பலர் முதலில் பயிரைத்தான் மாற்றினார்கள்.

1906-இல் முடிந்த பேச்சிப்பாறை அணை, சுதந்திரத்துக்குப் பின் வந்த பெருஞ்சாணி அணை, அனந்தனாறு, புத்தனாறு, தோவாளைக் கால்வாய், இவற்றுக்கெல்லாம் செலவழித்த பொதுப்பணம் உணவுக்காகச் செலவழித்த பணம். அந்தத் தண்ணீரை வண்டிக்குப் போடும் எரிபொருளுக்குத் திருப்புவது ஒருவருடைய சொந்த விருப்பம் மட்டுமே என்று என்னால் ஏற்க முடியவில்லை.

பதிவு 4 | தக்கலைக் கோழிக்கூடு

நான் வீட்டோடு அறுநூறு முட்டைக்கோழி வளர்க்கிறேன். இந்த விவாதத்தில் எத்தனால் என்ற பெயர் வந்ததால் எழுதுகிறேன்.

கோழித் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம்தான். எனக்கு நினைவு தெரிந்து மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நம் நாடு, 2024-இல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தது. எத்தனால் ஆலைகள் கரும்பைவிடத் தானியத்தை அதிகமாக வாங்கத் தொடங்கியதும், தானியத்தில் மக்காச்சோளம் முதலிடத்துக்கு வந்ததும்தான் காரணம். ஆலைக்கு அரசு லிட்டருக்கு இவ்வளவு என்று விலை நிர்ணயித்துக் கொடுக்கிறது. மக்காச்சோள எத்தனாலுக்கு 71 ரூபாய் 86 காசு. என் முட்டைக்கு அப்படி யாரும் விலை நிர்ணயித்துத் தருவதில்லை. அந்த ஆலையோடு சந்தையில் போட்டி போட்டு நான் எப்படி வாங்குவது?

மக்காச்சோளத்துக்குப் பதிலாக, எத்தனால் எடுத்தபின் மிஞ்சும் வடிசக்கையைத் தீவனமாகப் போடலாம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். புரதம் அதிகம், விலையும் குறைவு என்பது உண்மைதான். ஆனால் நான் வாங்கிய ஒரு மூட்டையைப் பிரித்தபோது பூஞ்சை வாடை அடித்தது. நல்ல மூட்டையோடு கலந்து போட்டுவிடலாம் என்று நினைத்தது என் தவறு. மூன்றாம் நாளிலிருந்து முட்டை குறைந்தது. ஓடும் மெலிந்து, கூடையில் அடுக்கும்போதே விரிசல் விட்டது. தானியத்தில் பூஞ்சை நச்சு இருந்தால் எத்தனாலில் அது போகாது, சக்கையில்தான் சேர்ந்து அடர்த்தியாகும் என்று கால்நடை மருத்துவர் பிறகுதான் விளக்கினார்.

சத்துணவில் பிள்ளைகளுக்கு வாரம் ஐந்து நாள் முட்டை கொடுக்கிற மாநிலம் இது. உணவுப் பாதுகாப்பு என்றதும் எல்லோரும் அரிசியை மட்டுமே பேசுகிறீர்கள். தீவனம் ஏறினால் முட்டை ஏறும். முட்டை ஏறினால், விலைக்கு வாங்கித் தின்கிற வீட்டில் முதலில் குறைவது பெண்களின் தட்டில்தான்.

பதிவு 5 | கணக்கு நோட்டு

அக்கா சொன்னதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனாலும் இன்னொரு பக்கத்தையும் வைக்கிறேன். மக்காச்சோளத்துக்கு விலை ஏறியபோது அதை விளைவித்த சிறு உழவருக்கும் ஆதாயம் இருந்தது. அந்த வடிசக்கை மலிவாக வந்ததால் சோயாப் பிண்ணாக்கின் விலை விழுந்து, சோயா விளைவித்தவர்கள் நட்டப்பட்டார்கள் என்பதும் உண்மை. ஓரிடத்தில் கை வைத்தால் இன்னோரிடத்தில் வீங்குகிறது.

அரிசிக் கணக்குக்கு வருகிறேன். இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில், 2025-இன் நடுப்பகுதியில், ஜூலை முதல் தேதிக்கு இருக்க வேண்டிய 135 லட்சம் டன்னைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் அரிசி இருந்தது. எலியும் ஈரமும் தின்பதைவிட எத்தனால் ஆவது மேல் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. அதே நேரத்தில், நேற்று இரவு உட்கார்ந்து போட்ட ஒரு கணக்கு என்னைச் சங்கடப்படுத்தியது. ஒரு டன் அரிசியிலிருந்து ஏறத்தாழ 460 லிட்டர் எத்தனால் கிடைக்கும். மத்திய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, முன்னுரிமைக் குடும்பத்தில் ஒருவருக்கு மாதம் 5 கிலோ தானியம். அந்த 5 கிலோ அரிசியில் வருவது 2.3 லிட்டர் எத்தனால்; அதை 20 விழுக்காடாகக் கலந்தால் பதினொன்றரை லிட்டர் பெட்ரோல். முழுவதும் அரிசி எத்தனால் என்று வைத்துக்கொண்டால், என் மோட்டார் சைக்கிள் தொட்டியை ஒரு முறை நிரப்பும்போது ஒருவரின் ஒரு மாத ரேஷனை ஊற்றுகிறேன். மேலும் எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால், அதே தூரம் ஓட நான் கூடுதலாகப் போட வேண்டியிருக்கிறது.

அண்ணாச்சியின் நிலத்துக்கும் போட்டுப் பார்த்தேன். ஓர் ஏக்கரில் ஒரு போகத்துக்கு இரண்டே கால் டன் நெல் என்று கொண்டால் இருபோகத்தில் நாலரை டன். அரைத்தால் மூன்று டன் அரிசி. ஒருவருக்கு ஆண்டுக்கு 120 கிலோ என்று வைத்தால் இருபத்தைந்து பேர் ஓராண்டு சாப்பிடலாம். அதே ஏக்கரில் பத்து டன் கிழங்கு விளைந்தால், டன்னுக்கு 170 லிட்டர் வீதம் 1,700 லிட்டர் எத்தனால் வரும். அது 1,100 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் ஒரே ஒரு கார் ஓராண்டில் 16,500 கிலோமீட்டர் போகும். அவ்வளவுதான்.

முந்தைய பதிவில் தயங்க வேண்டாம் என்று எழுதியிருந்தேன். அதைத் திரும்பப் பெறுகிறேன்.

பதிவு 6 | முப்பந்தல் காற்று

ஒப்பந்தம் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குக் காட்டாமணக்கு நினைவுக்கு வந்துவிட்டது. 2003-இல் மத்திய அரசு பயோடீசல் இயக்கம் என்று தொடங்கியபின், தரிசு நிலமெல்லாம் காட்டாமணக்கு நட்டால் டீசல் ஊற்றெடுக்கும் என்று ஊரெல்லாம் பேச்சு. 2009-இல் வந்த கொள்கையிலும் 2017-க்குள் 20 விழுக்காடு என்று எழுதி வைத்தார்கள். ஆரல்வாய்மொழி அருகே என் தகப்பனார் இரண்டு ஏக்கர் மானாவாரியில் நட்டார். அதுவரை அங்கே உளுந்தும் கொள்ளும் போட்டுக்கொண்டிருந்தோம், ஆடுகள் மேய்ந்தன. தண்ணீரே வேண்டாம் என்றார்கள். தண்ணீர் விடாமல் செடி உயிரோடு இருந்தது, காய்க்கவில்லை. மூன்றாம் ஆண்டு கிடைத்தது ஒன்றரை மூட்டை விதை. திரும்ப வாங்கிக்கொள்வோம் என்று கையெழுத்துப் போட்ட நிறுவனத்தின் தொலைபேசி எண் அப்போது வேலை செய்யவில்லை. அந்த விதையைத் தின்று பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு வாந்தி எடுத்து ஆசுபத்திரியில் சேர்த்த நாளன்று, அப்பா எல்லாவற்றையும் வெட்டி எரித்தார். வேர் பறிக்கக் கூலி கொடுத்ததுதான் மிச்சம்.

தரிசு என்று அதிகாரிகள் தாளில் எழுதும் நிலத்தில் பெரும்பாலும் யாருடைய ஆடோ மேய்ந்துகொண்டுதான் இருக்கும்.

அதே நிலத்தில் இன்று ஒரு காற்றாலை நிற்கிறது. அடிப்பகுதிக்கும் பாதைக்கும் போன இடம் போக, மீதியில் மறுபடியும் உளுந்து போடுகிறோம். நிலத்திலிருந்து ஆற்றல் எடுத்தே தீர வேண்டும் என்றால், இப்படிச் சோற்றுக்கும் இடம்விட்டு எடுக்கட்டும்.

பதிவு 7 | கணக்கு நோட்டு

முப்பந்தல் அண்ணன் சொன்னது கணக்கிலும் சரியாக வருகிறது. ஓர் ஏக்கரில் சூரியத் தகடு பதித்தால் ஆண்டுக்குக் கிடைக்கும் மின்சாரம், அதே ஏக்கரின் கிழங்கு எத்தனாலில் அடங்கிய வெப்ப ஆற்றலைவிடக் குறைந்தது இருபது மடங்கு. பயிர் சூரிய ஒளியில் நூற்றில் ஒரு பங்கைக்கூட சேமித்து வைப்பதில்லை என்பதால் இதை எந்த ரகத்தாலும் மாற்ற முடியாது. எரிபொருளுக்காக நிலம் என்ற எண்ணமே ஆற்றல் கணக்கில் பலவீனமானது.

பதிவு 8 | நீரோடி வள்ளம்

நாங்கள் வெளிப்பொருத்து இயந்திரம் வைத்துக் கடலுக்குப் போகிறவர்கள். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஆடிக் கடல் கொந்தளிப்பில் மூன்று வாரம் போக முடியாமல் கரையில் வைத்திருந்த கேனைத் தூக்கிப் பார்த்தால், பெட்ரோலுக்குக் கீழே கலங்கலாகத் தண்ணீர்ப் படலம் தனியாக நிற்கிறது. அதை அறியாமல் ஊற்றினால் இயந்திரம் நடுக்கடலில் நிற்கும். மீனும் உணவுதான், அதைப் பிடிக்கப் போகிறவனுக்கு எத்தனால் கலக்காத பெட்ரோல் மீன்பிடித் துறைமுகத்தில் கிடைக்க ஏற்பாடு வேண்டும். எங்கள் வீடுகளில் இன்றைக்கும் இராத்திரிக்குக் கிழங்கும் மீனும்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதிவு 9 | நேந்திரங்காய் அடுப்பு

உயிரி எரிபொருள் என்பதையே ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வயலுக்கு வெளியே அதற்கு நிறைய மூலப்பொருள் கிடக்கிறது.

நாகர்கோவிலில் எனக்குச் சிப்ஸ் கடை. ஒரு சட்டியில் எண்ணெய் எத்தனை ஈடு தாங்கும் என்பதை நுரையைப் பார்த்தே சொல்லிவிடுவோம்; நுரை பெரிதாகக் குமிழ்விடாமல் சோப்பு நுரைபோல மெல்லியதாகப் படர்ந்து அடங்காமல் நின்றால் அந்த எண்ணெய் முடிந்தது. உணவுப் பாதுகாப்புத் தர ஆணையம் 2018 ஜூலை முதல், திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெயில் உருவாகும் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் பயன்படுத்தக்கூடாது என்று விதித்திருக்கிறது. அந்த எண்ணெயைப் பயோடீசலுக்குச் சேகரிக்கும் திட்டமும் அந்த ஆண்டிலேயே தொடங்கியது. நான் கேனில் சேர்த்து வைத்து, முகவர் வரும்போது எடை போட்டுக் கொடுக்கிறேன். ஆனால் அவர் கொடுக்கும் விலையைவிட இரண்டு ரூபாய் கூட வைத்து, சாலையோரக் கடைக்காரர்கள் அதையே மறுபடி பொரிக்க வாங்கிப் போகிறார்கள். கெட்ட எண்ணெய் ஏழையின் வயிற்றுக்குப் போகாமல் லாரியின் இயந்திரத்துக்குப் போனால், அங்கே உணவும் எரிபொருளும் ஒரே பக்கம் நிற்கின்றன. அந்த இரண்டு ரூபாயை அரசு கூட்டிக் கொடுக்கட்டும்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்கிறேன். பிலிப்பைன்ஸ் நாட்டில் டீசலில் தேங்காய் எண்ணெயிலிருந்து எடுத்த எரிபொருளைக் கலக்கிறார்கள். 2024 அக்டோபரில் அதை 2-இலிருந்து 3 விழுக்காடாக்கினார்கள். தேங்காய் எண்ணெய் விலை ஏறியதும் 4 விழுக்காட்டை ஒத்திவைத்தார்கள். 2025-இல் நம் பக்கத்தில் தேங்காய் எண்ணெய் கிலோ 400 ரூபாயைத் தாண்டியபோது நான் சிப்ஸ் போடுவதைப் பாதியாகக் குறைத்தேன். விலையேற்றத்துக்கு விளைச்சல் குறைவு முதலிய காரணங்கள் பல உண்டு. ஆனாலும் பற்றாக்குறைக் காலத்தில் சமையல் எண்ணெயை எரிக்க உலகில் எங்கே சட்டம் போட்டாலும், அது நம் அடுக்களை வரை வந்து சேரும்.

பதிவு 10 | அருமனை ரப்பர்

ரப்பர் விதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆடி, ஆவணியில் காய் வெடித்துத் தோட்டம் முழுவதும் சிதறுகிறது; முளைப்புக்கு எடுத்தது போக மீதி மழையில் மக்கிப்போகிறது. அந்த எண்ணெயில் அமிலம் அதிகம் என்பதால் பயோடீசலாக்க இரண்டு கட்டமாகச் சுத்திகரிக்க வேண்டும். ஆனாலும் முடியும் என்று கேரளத்தில் ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள். பொறுக்கும் கூலிக்குக் கட்டுப்படியாகும் விலைதான் இதுவரை இல்லை. கடற்கரைப் புன்னைக் கொட்டையும் அப்படித்தான். அந்த எண்ணெயில்தான் முன்பு விளக்கெரித்தார்கள், தோணிக்கும் பூசினார்கள். இவற்றுக்கு ஒரு செண்ட் வயலும் வேண்டாம், ஒரு குடம் கால்வாய்த் தண்ணீரும் வேண்டாம்.

பதிவு 11 | பறக்கைப் பெரியவர்

கிடங்கில் அரிசி மிகுந்து கிடக்கிறது என்று கணக்குத் தம்பி எழுதியதற்கு மட்டும் ஒரு விளக்கம். 2023-ஐ நினைவுபடுத்துகிறேன். அந்த ஜூன் மாதம், மாநில அரசுகளுக்குத் திறந்த சந்தைத் திட்டத்தில் அரிசி விற்பதை மத்திய அரசு நிறுத்தியது. தன் மக்களுக்குக் கூடுதல் அரிசி கொடுக்க விலைக்குக் கேட்ட கர்நாடகத்துக்குக் கிடைக்கவில்லை. ஜூலையில் பாசுமதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்குத் தடை வந்தது. எத்தனால் ஆலைகளுக்கு உணவுக் கழகம் அரிசி கொடுப்பதும் அந்த மாதம்தான் நின்றது. டிசம்பரில் கரும்புச் சாற்றுக்கும் கட்டுப்பாடு. மழை ஒரு பருவம் முரண்டு பிடித்ததும் நிலைமை இவ்வளவு மாறியது. இரண்டே ஆண்டில் மிகுதி என்று சொல்லி, 2025-இல் ஆலைகளுக்குக் கிலோ 22 ரூபாய் 50 காசுக்கு அரிசி ஒதுக்கினார்கள். கொள்முதல், அரைவை, கிடங்கு எல்லாம் சேர்த்து அரசுக்கு அந்த அரிசி ஏறத்தாழ 40 ரூபாய் அடங்குகிறது.

மிகுதியைப் பயன்படுத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆலை என்பது ஒரு முறை கட்டிவிட்டால் ஒவ்வொரு நாளும் மூலப்பொருள் கேட்கும். மிகுதி ஒவ்வோர் ஆண்டும் இருக்காது. பற்றாக்குறை வரும்போது ஆலை முதலாளி கடன் தவணையைக் காட்டி நியாயம் கேட்பார். ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவர்களுக்கு அப்படிக் கேட்க வழியில்லை. ஆகவே, முதலில் நிறுத்தப்படுவது ஆலைக்கான ஒதுக்கீடுதான் என்பது ஒவ்வொரு முறையும் அவசர உத்தரவாக வராமல், சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். மகசூல் குறைந்து விலை ஏறியபோதும் அமெரிக்காவில் பெட்ரோலில் எத்தனால் கலக்கும் கட்டாயம் தளரவில்லை. அவர்கள் விளைவிக்கும் மக்காச்சோளத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு எத்தனால் ஆலைக்குப் போகிறது. 2007-இல் ஐ.நா. உணவுரிமைச் சிறப்பு அறிக்கையாளர் ழான் சீக்ளர், உணவுப் பயிரை எரிபொருளாக்குவதை மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்றே சொன்னார். கடுமையான சொல்தான். ஆனால் அதற்கடுத்த ஆண்டு உலகச் சந்தையில் அரிசி விலை எங்கே போயிற்று என்பதைப் பார்த்தவர்களுக்கு அதன் கோபம் புரியும்.

எல்லைக்கு அப்பால் கேரளத்தில் 2008 முதல் நெல்வயலைக் காக்கத் தனிச் சட்டம் இருக்கிறது. அதிலும் ஓட்டைகள் உண்டு. ஆயினும் எஞ்சியிருக்கும் நாஞ்சில் நாட்டு வயலுக்கு அப்படியொரு சட்டமும், நெல்லை விடாமல் பயிரிடுபவருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று ஓர் ஊக்கத்தொகையும் கேட்டு நாம் எழுத வேண்டும். தோவாளைத் தம்பியைத் தியாகம் செய்யச் சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வது முறையன்று.

பதிவு 12 | தோவாளை வயற்காரன்

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத ஒன்பது நாள் ஆகிவிட்டது; அதற்குள் சில வேலைகள் நடந்தன.

பெரியவர் சொன்ன வாமடை விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை. மறுநாள் காலையில் வரப்பில் நடந்து பார்த்தேன். என் வயலுக்குக் கீழே மூன்று பேர் இருக்கிறார்கள். மூவருக்கும் தண்ணீர் என் தென்கிழக்கு மூலை வழியாகத்தான் இறங்குகிறது. அதில் ஒருவர் கணவரை இழந்த பெரியம்மா, அறுபது சென்ட், அந்த நெல்லை அவர் விற்பதில்லை, வீட்டுக்குத்தான் வைத்துக்கொள்கிறார். நான் மேடாக்கியிருந்தால் முதலில் தரிசாகியிருப்பது அந்த அறுபது சென்ட்தான்.

ஒப்பந்தம் கொண்டுவந்தவரைத் தொலைபேசியில் அழைத்தேன். மாவுச்சத்தை என் முன்னிலையில் சோதிக்க முடியுமா, ஆலை எடுக்காவிட்டால் முன்பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டோம் என்று எழுதித் தர முடியுமா, கிழங்கு கசப்பு ரகமா, தின்னும் ரகமா என்று மூன்று கேள்வி கேட்டேன். ரகம் ஆலைக்கானது, சமைக்க ஏற்றதல்ல என்றார். அது எனக்குப் போதுமானதாக இருந்தது. ஆலை வாங்காமல் போனால் வடசேரிச் சந்தையிலும் அந்தக் கிழங்கை விற்க முடியாது.

ஒரு ஏக்கரில் கும்பப்பூ போடுகிறேன். 2025-26 பருவத்துக்கு அரசு கொள்முதல் விலை சாதாரண ரகத்துக்குக் குவிண்டால் 2,500 ரூபாய் என்று அறிவித்தார்கள். ஈரப்பதத் தொல்லை இந்த முறையும் வரும் என்பதால், கீழ்வயல்காரர்களும் நானும் சேர்ந்து ஒரு பொதுக்களத்தில் கான்கிரீட் தளம் போட மனு எழுதியிருக்கிறோம். முப்பது சென்ட் ஏற்கெனவே மேட்டுப் பக்கம் தென்னைக்கு இடையில்தான் இருக்கிறது. அங்கே தின்னும் ரக மரச்சீனி நடுவேன். நீரோடித் தம்பிக்கு ஒரு சாக்கு அனுப்புகிறேன், மீனோடு வரட்டும்.

கோழி வளர்க்கும் தங்கச்சிக்கு: நெல் அரைத்தபின் குருணையும் தவிடும் என்னிடம் மிஞ்சும், தக்கலைக்குப் பேருந்தில் ஏற்றிவிடலாமா என்று சொல்லுங்கள். பறக்கை ஐயா, சட்டம் கேட்டு எழுதும் மனுவுக்கு முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கட்டும். வாசகத்தை நீங்கள் எழுதித் தாருங்கள்.

திருப்பதிசாரம் 5 ரக நெல் விதை இருபத்தைந்து கிலோ வாங்கி இன்று மாலை ஊறப்போட்டிருக்கிறேன். இரண்டு நாளில் நாற்றங்காலில் விதைக்க வேண்டும். கால்வாயில் எங்கள் மடைக்குத் தண்ணீர் முறை வியாழனா வெள்ளியா என்று மேல்மடையில் யாருக்காவது தெரிந்தால் இங்கே எழுதுங்கள்.